மாநில எல்லையைத் தாண்டினால் சோதனை, தாண்டாவிட்டால் இல்லை: அமெரிக்க ரைஃபிள் சட்டத்தில் ஓட்டை எங்கே?

அமெரிக்காவில் டெக்சார்கானா என்று ஓர் ஊர் இருக்கிறது. டெக்சாஸ், அர்கன்சாஸ் என இரண்டு மாநிலங்களில் பாதிப் பாதியாகக் கிடக்கும் ஊர். நடுவே ஓடும் சாலையின் பெயரே ஸ்டேட் லைன் அவென்யூ, அதாவது மாநில எல்லைச் சாலை. ஒரு பக்கம் டெக்சாஸ், மறுபக்கம் அர்கன்சாஸ். தபால் நிலையமும் ஃபெடரல் நீதிமன்றமும் இருக்கும் கட்டடமே எல்லைக்கோட்டின் மேல்தான் நிற்கிறது.

டெக்சாஸ் பக்கம் குடியிருக்கும் ஒருவர் தன் பழைய வேட்டை ரைஃபிளை விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாலைக்கு எதிர்ப்புறம் அர்கன்சாஸில் இருக்கும் நண்பர் வாங்கத் தயார். "எதிர் வீடுதானே, காசை வாங்கிட்டு கையில கொடுத்துடலாம்" என்று தெரிந்தே கொடுத்தால், அது ஃபெடரல் குற்றம். ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க சட்டத்தில் இடம் உண்டு.

அதே மனிதர் அதே ரைஃபிளை காரில் போட்டுக்கொண்டு, டெக்சாஸின் மறுகோடியில் ஏறத்தாழ 1,300 கி.மீ. தள்ளி இருக்கும் எல் பாசோவுக்குப் போகிறார். அங்கே வசிக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்கிறார். படிவம் இல்லை, பின்னணிச் சோதனை இல்லை, பதிவேடு இல்லை. வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று சந்தேகிக்க அவருக்குக் காரணம் இல்லாதவரை, ஃபெடரல் சட்டப்படி அதில் தப்பே இல்லை.

எதிர் வீட்டுக்காரருக்கு விற்றால் குற்றம், 1,300 கி.மீ. தள்ளி இருக்கும் அந்நியருக்கு விற்றால் குற்றமில்லை. இது எப்படி வந்தது, இதில் எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு? விரிவாகப் பார்க்கலாம்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் இன்றுவரை அடித்தளம். டீலர் உரிமம் இல்லாத ஒரு சாதாரண ஆள், இன்னொரு மாநிலத்தில் வசிப்பவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, அவருக்குத் துப்பாக்கியை விற்கக்கூடாது. மாற்றிக்கொள்ளக்கூடாது, பரிசாகவும் கொடுக்கக்கூடாது. வாங்குபவர் பக்கத்திலும் இதே பூட்டு இருக்கிறது: வெளி மாநிலத்தில் வாங்கிய துப்பாக்கியை அவர் தன் மாநிலத்துக்குக் கொண்டுவரக்கூடாது.

அப்படியானால் மாநிலம் தாண்டி ரைஃபிள் வாங்கவே முடியாதா? முடியும். நடுவில் ஃபெடரல் உரிமம் பெற்ற டீலர் ஒருவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கைத்துப்பாக்கி என்றால், வாங்குபவரின் சொந்த மாநிலத்தில் இருக்கும் டீலர் வழியாக மட்டுமே கைமாற முடியும். ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளுக்குச் சட்டம் கொஞ்சம் தளர்வு காட்டுகிறது. எந்த மாநில டீலரிடமும் வாங்கலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: வாங்குபவர் நேரில் வர வேண்டும்; விற்கும் மாநிலம், வாங்குபவரின் மாநிலம் இரண்டின் சட்டங்களும் அந்த விற்பனையை அனுமதிக்க வேண்டும். ஆரம்பத்தில் இந்தச் சலுகை அண்டை மாநிலத்தவருக்கு மட்டும்தான் இருந்தது. 1986-ல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் அதை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது.

நடைமுறையில் எப்படி நடக்கும்?

ஒருவர் ஆன்லைன் விளம்பரத்தில் வேறு மாநிலத்து ரைஃபிள் ஒன்றைப் பார்க்கிறார். விற்பவர் டீலர் இல்லை, தனிநபர். இருவரும் விலை பேசி முடிக்கிறார்கள். அதன்பின் வழக்கமாக இரண்டு வழிகள்.

முதல் வழி: விற்பவர் ரைஃபிளை வாங்குபவரின் மாநிலத்தில் உள்ள ஒரு டீலருக்கு அனுப்புவது. தனிநபர் ஒருவர் எந்த மாநிலத்து டீலருக்கும் ரைஃபிளைத் தபாலில் அனுப்பலாம். தனியார் கூரியர் நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு. எல்லா டீலர்களும் தனிநபர் அனுப்பும் பார்சலை ஏற்பதில்லை என்பதால் முதலில் போன் போட்டுக் கேட்டுவிடுவது வழக்கம்.

இரண்டாவது வழி: இருவரும் விற்பவரின் ஊரில் இருக்கும் டீலர் கடையில் சந்திப்பது. ரைஃபிள் என்பதால் இது செல்லும், இரண்டு மாநிலச் சட்டங்களும் ஒத்துப்போனால்.

எந்த வழியானாலும் டீலர் செய்யும் வேலை ஒன்றுதான். துப்பாக்கியைத் தன் பதிவேட்டில் வரவு வைப்பார். வாங்குபவர் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி, படிவம் 4473-ஐ நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, குடியுரிமை நிலை, குற்றப் பின்னணி, போதைப்பொருள் பழக்கம், குடும்ப வன்முறை வழக்கு என்று வரிசையாகக் கேள்விகள் வரும். பொய்யான பதில் எழுதினால் அதுவே தனிக் குற்றம். டீலரிடம் ரைஃபிள் வாங்க ஃபெடரல் குறைந்தபட்ச வயது 18, கைத்துப்பாக்கிக்கு 21.

பிறகு டீலர், எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிச் சோதனை அமைப்பைத் தொடர்புகொள்வார். பிரேடி சட்டத்தின்படி 1998 நவம்பரில் தொடங்கிய அமைப்பு இது. பதில் மூன்று விதமாக வரலாம்: கொடுக்கலாம், கொடுக்கக்கூடாது, பொறுங்கள். 'பொறுங்கள்' என்று வந்து மூன்று வேலை நாட்களில் முடிவு வராவிட்டால், துப்பாக்கியைக் கொடுக்க டீலருக்கு ஃபெடரல் சட்டம் அனுமதி தருகிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பை 10 வேலை நாட்கள் வரை நீட்டிக்கலாம் என்று 2022-ல் திருத்தம் வந்தது.

டீலர் தன் வேலைக்கு ஒரு கட்டணம் வாங்குவார். பெரும்பாலும் சில பத்து டாலர்கள். மொத்த நடைமுறையின் கூடுதல் சுமை இவ்வளவுதான்: ஒரு படிவம், ஒரு சோதனை, ஒரு சிறிய கட்டணம்.

இந்த விதி எதற்காக வந்தது?

1963 மார்ச்சில், டல்லாஸில் இருந்த ஒரு தபால் பெட்டி முகவரிக்கு சிகாகோ கடை ஒன்றிலிருந்து ரைஃபிள் பார்சல் போனது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பொய்ப் பெயரில், 21 டாலர் 45 சென்ட் மணியார்டர் அனுப்பி வாங்கப்பட்ட இத்தாலிய ரைஃபிள் அது. வாங்கியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் கென்னடி அந்த ரைஃபிளால் கொல்லப்பட்டார். "யார் வாங்குகிறார்கள்?" என்ற கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்ற சட்டமும் அப்போது இல்லை.

அதற்குப் பிறகும் நாடாளுமன்றம் அசைய ஐந்து ஆண்டுகள் ஆனது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என்று இரண்டு படுகொலைகள் நடந்த பிறகு, அக்டோபர் 22 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பொதுமக்கள் தபால் வழியே நேரடியாகத் துப்பாக்கி வாங்குவது அதோடு நின்றது.

சட்டத்தின் நோக்கம் எளிமையானது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் துப்பாக்கிச் சட்டம் இருக்கிறது. ஒரு மாநிலம் கடுமையாக இருந்து, பக்கத்து மாநிலம் தளர்வாக இருந்தால், ஆட்கள் பக்கத்தில் போய் வாங்கிக்கொண்டு வருவார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் மதுவுக்குப் புதுச்சேரி எல்லையைத் தாண்டும் கதைதான். அப்படித் தாண்டுவதைத் தடுத்து, ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமும் அந்த மாநிலத்தில் செல்லுபடியாகும்படி காப்பதுதான் 1968 சட்டத்தின் வேலை.

'எந்த மாநிலத்துக்காரர்' என்பதை யார் முடிவு செய்வது?

மொத்தச் சட்டமும் 'வசிப்பவர்' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. மது, புகையிலை, துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப்., ஒரு மாநிலத்தில் வீடாக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு இருப்பவரை அந்த மாநிலத்தவர் என்கிறது. அங்கே நிலமோ வீடோ சொந்தமாக இருப்பது மட்டும் போதாது. இரண்டு மாநிலங்களில் வீடு வைத்து மாறி மாறி வாழ்பவர், எங்கே இருக்கிறாரோ அப்போது அந்த மாநிலத்தவர். வெளி மாநில விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர், பருவம் நடக்கும்போது அந்த மாநிலத்தவர். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் சொந்த மாநிலத்தவர். ராணுவத்தினருக்கு நிரந்தரப் பணியிடம் இருக்கும் மாநிலமும் கணக்கில் வரும்.

இந்த நெகிழ்வு நியாயமானது. ஆனால் அதில் ஆபத்தும் இருக்கிறது. 2019 ஜூலையில் கலிஃபோர்னியாவின் கில்ராய் உணவுத் திருவிழாவில் 19 வயது இளைஞர் ஒருவர் சுட்டதில், 6 வயதுச் சிறுவன் உட்பட மூன்று பேர் இறந்தனர். துப்பாக்கி, ஏ.கே. ரக ரைஃபிள். கலிஃபோர்னியாவில் அதை விற்கவே முடியாது. 19 வயதுக்காரருக்கு நிச்சயமாக முடியாது. அவர் பக்கத்து மாநிலமான நெவாடாவில் தங்கியிருந்தபோது, அங்கே அதே மாதத்தில் சட்டப்படி வாங்கியிருந்தார். ரைஃபிளோடு கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்த நொடியில்தான் அது சட்டவிரோதம் ஆனது. அந்த நொடியில் அங்கே யாரும் இல்லை.

இரண்டு மாநிலச் சட்டமும் ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனை இதனால்தான் முக்கியமாகிறது. இல்லினாய் மாநிலத்தவர் என்றால் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். கலிஃபோர்னியா மாநிலத்தவர் என்றால் 10 நாள் காத்திருப்பு, மாநிலத்தின் தனிச் சோதனை என்று பட்டியல் நீள்கிறது. இவ்வளவையும் வெளி மாநில டீலர் நிறைவேற்ற முடியாது என்பதால், நடைமுறையில் அவர் ரைஃபிளைக் கலிஃபோர்னியா டீலருக்கே அனுப்பிவிடுவார்.

விதிவிலக்குகள்: உயில், வேட்டை, பழம்பொருள்

அப்பா ஒரு மாநிலம், மகன் இன்னொரு மாநிலம். அப்பா தன் ரைஃபிளை மகனுக்குப் பரிசாகக் கொடுக்கலாமா? டீலர் வழியாக மட்டும்தான். சொந்த ரத்தம் என்பதற்குச் சலுகை கிடையாது. ஆனால் அப்பா இறந்து, ரைஃபிள் உயில் வழியாகவோ வாரிசுரிமையிலோ மகனுக்கு வந்தால் டீலர் தேவையில்லை. உயிரோடு இருக்கும்போது நேரடியாகக் கொடுத்தால் குற்றம், உயிலில் எழுதி வைத்தால் சட்டபூர்வம். மகன் துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவராக இருக்க வேண்டும், அவ்வளவே.

வேட்டைக்கோ குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கோ வெளி மாநில நண்பருக்குத் தற்காலிகமாக இரவல் தரலாம். 1898-லோ அதற்கு முன்போ தயாரான பழந்துப்பாக்கிகளை ஃபெடரல் சட்டம் துப்பாக்கியாகவே கணக்கில் எடுப்பதில்லை. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்குத் தனி உரிமம் உண்டு.

விதிவிலக்கு இல்லாத ஒன்று பினாமி வாங்குதல். வர்ஜீனியாவில் புரூஸ் ஆப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். போலீஸ்காரருக்குக் கிடைக்கும் தள்ளுபடி கிடைக்கும் என்பது கணக்கு. மாமா முன்கூட்டியே 400 டாலருக்குக் காசோலை அனுப்பிவிட்டார். மாமா துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர்தான். பென்சில்வேனியா டீலர் வழியாக, பின்னணிச் சோதனை முடித்தே துப்பாக்கி அவர் கைக்குப் போனது. ஆனாலும், முதல் கடையில் படிவம் 4473-ல் "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தது பொய் என்று வழக்கு வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தண்டனையை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பை எண்ணிப் பார்ப்பது நல்லது. யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லாத ஒருவர், இரண்டு மாநிலங்களிலும் டீலர் வழியே போனவர், மாட்டிக்கொண்டார். ஆனால் ஒரே மாநிலத்துக்குள் வாகன நிறுத்துமிடத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ரைஃபிளோடு போகும் அந்நியரைச் சட்டம் கேள்வியே கேட்பதில்லை.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் வார இறுதியில் நண்பர்களோடு துப்பாக்கிப் பயிற்சி மையத்துக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துப் போடுவது புதிதல்ல. அதில் இருக்கும் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை.

எச்-1பி, மாணவர் விசா போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதை மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வாடகைக்கு எடுத்து ஐந்து நிமிடம் சுடுவதும் இதில் அடங்கும். சில விலக்குகள் உண்டு. அதிகம் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை; மற்றவர்களைப் போல் படிவம், சோதனை, மாநிலச் சட்டம் ஆகியவை பொருந்தும். தடையை மீறினால் சிறை 15 ஆண்டுகள் வரை போகலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் அது காரணமாகலாம்.

ரெஹைஃப் என்ற ஐக்கிய அரபு அமீரக மாணவரின் வழக்கு இதற்குச் சரியான உதாரணம். படிப்பில் தோற்று, பல்கலைக்கழகம் வெளியேற்றியதால் அவருடைய மாணவர் விசா நிலை முடிந்துபோனது. அதற்குப் பிறகு ஃப்ளோரிடாவில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்ச் சுட்டார். சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்குப் பாய்ந்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம், தன் நிலை இன்னது என்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. தப்பித்தார் என்றாலும், அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஓட்டை எங்கே இருக்கிறது?

எல்லையில் நிற்கும் விதி கடுமையாகத் தெரிந்தாலும், அது கேட்பது நியாயமான ஒரே ஒரு கேள்வி: இந்தத் துப்பாக்கி யார் கைக்குப் போகிறது? ஓட்டை, அதே கேள்வியை மாநிலத்துக்குள் கேட்காமல் விட்டதில் இருக்கிறது.

ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரண்டு தனிநபர்களுக்கு இடையிலான விற்பனைக்கு ஃபெடரல் சட்டம் பின்னணிச் சோதனை கேட்பதில்லை. வாங்குபவர் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. பொறுப்புள்ள பல விற்பனையாளர்கள் தாங்களாகவே ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டு, ரசீது எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் சட்டம் கொடுக்கும் மறைமுக அறிவுரை வேறு: கேட்காதே, கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் பொறுப்பு வரும். சோதிக்க விரும்பும் தனிநபர்கூட எஃப்.பி.ஐ. அமைப்பை நேரடியாகத் தொடர்புகொள்ள முடியாது. அது டீலர்களுக்கான கதவு.

இதன் விலை என்ன என்பதை மேற்கு டெக்சாஸ் பார்த்தது. 2014-ல் ஒருவர் கடையில் துப்பாக்கி வாங்கப் போய், மனநலம் தொடர்பான நீதிமன்ற முடிவு பதிவில் இருந்ததால் சோதனையில் தோற்றார். அமைப்பு சரியாக வேலை செய்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ஏ.ஆர். ரக ரைஃபிளை ஒரு தனிநபரிடம் வாங்கினார். இருவரும் டெக்சாஸ்காரர்கள் என்பதால் சோதனை இல்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லாண்ட், ஒடெசா நகரங்களில் அவர் சுட்டதில் ஏழு பேர் இறந்தனர். விற்றவர் உரிமம் இல்லாமல் தொழிலாகவே துப்பாக்கி விற்றுவந்தவர் என்று பின்னர் தெரியவந்து, 2021-ல் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

வாங்கியவர் வேறு மாநிலத்தவராக இருந்திருந்தால், சட்டம் அவரை மறுபடியும் ஒரு டீலர் முன் நிறுத்தியிருக்கும். அதே சோதனை அவரை மறுபடியும் தடுத்திருக்கும். அவரிடம் இருந்த ஒரே 'தகுதி', விற்பவரோடு ஒரே மாநிலத்தில் வசித்ததுதான்.

மாநிலத்துக்குள் இருக்கும் இந்த ஓட்டை எல்லை விதியையும் அரித்துவிடுகிறது. 2013 முதல் 2016 வரை குற்றங்களில் சிக்கிய துப்பாக்கிகளைப் பற்றி சிகாகோ நகரம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூலம் கண்டறியப்பட்டவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் இல்லினாய்க்கு வெளியே முதலில் விற்கப்பட்டவை. பக்கத்து மாநிலமான இண்டியானா மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு. அவற்றில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கிகள், அதாவது எல்லை விதி மிகக் கடுமையாக இருக்கும் வகை. சோதனை இல்லாமல் உள்ளூரில் கைமாறும் துப்பாக்கி, ஒரு மணி நேரக் கார் பயணத்தில் எல்லையைத் தாண்டிவிடும்.

எதிர்வாதத்தில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் சொல்லும் மூன்று வாதங்களைத் தட்டிக்கழிக்க முடியாது.

முதலாவது, குற்றவாளி டீலர் கடைக்கு வரப்போவதில்லை, நேர்மையானவருக்குத்தான் அலைச்சல். ஓரளவு உண்மை. திருட்டுத் துப்பாக்கியையும் கள்ளச் சந்தையையும் எந்தப் படிவமும் நிறுத்தாது. ஆனால் ஒடெசா கொலையாளி முதலில் போனது கடைக்குத்தான். தடுக்கப்பட்ட பிறகுதான் சோதனை இல்லாத கதவைத் தேடினார்.

இரண்டாவது, எல்லா விற்பனையையும் சோதித்தால் அது மெல்ல மெல்ல நாடு தழுவிய துப்பாக்கிப் பதிவேடாக மாறும், பதிவேடு இருந்தால் நாளை பறிமுதல் வரும் என்ற பயம். இந்தப் பயத்துக்குச் சட்டம் ஏற்கெனவே மதிப்புக் கொடுத்திருக்கிறது. 1986 சட்டம் அத்தகைய ஃபெடரல் பதிவேட்டைத் தடை செய்கிறது. சோதனையில் தேறியவரின் அடையாள விவரம் 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்பட வேண்டும். படிவம் 4473 அரசிடம் போவதில்லை, டீலரிடமே இருக்கும். கடை மூடினால் மட்டும் அது மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். மையத்துக்குப் போகும், அங்கேயும் பெயரை வைத்துத் தேட முடியாது. மாநிலம் தாண்டும் ரைஃபிள்கள் 1998 முதல் இதே சோதனை வழியாகத்தான் போகின்றன. பதிவேடும் வரவில்லை, பறிமுதலும் நடக்கவில்லை.

மூன்றாவது, தூரம். மொன்டானா, வயோமிங் போன்ற இடங்களில் அடுத்த டீலர் ஒரு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கலாம். தாத்தா பேரனுக்கு ரைஃபிள் கொடுக்க இவ்வளவு அலைய வேண்டுமா? இது நியாயமான குறை. நெருங்கிய குடும்பத்தினருக்கு இடையிலான பரிசுக்கு விலக்கு, கட்டணத்துக்கு உச்சவரம்பு, தனிநபரே சோதிக்க ஒரு செயலி என்று இதற்குத் தீர்வுகளை யோசிக்கலாம். சொல்லப்போனால், எல்லை விதியே இந்த இடத்தில் தளரலாம். அப்பா மகனுக்கு ரைஃபிள் கொடுக்கச் சாக வேண்டியதில்லை.

ஏன் மாறவில்லை?

முயற்சி நடக்காமல் இல்லை. சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2013 ஏப்ரலில், துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் ஆன்லைனிலும் நடக்கும் தனிநபர் விற்பனைக்குச் சோதனை கேட்ட மான்சின்-டூமி திருத்தம் செனட்டில் 54 வாக்குகள் பெற்றது. தேவை 60. பிரதிநிதிகள் சபை 2019-லும் 2021-லும் விரிவான மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு முறையும் செனட்டைத் தாண்டவில்லை. 2022-ல் வந்த இரு கட்சிச் சட்டம் பினாமி வாங்குதலையும் துப்பாக்கிக் கடத்தலையும் தனி ஃபெடரல் குற்றங்களாக்கியது; மாநிலத்துக்குள் நடக்கும் தனிநபர் விற்பனையை எல்லோருக்குமான சோதனைக்குள் கொண்டுவரவில்லை.

இடைவெளியை மாநிலங்கள்தான் நிரப்புகின்றன. வாஷிங்டன் 2014-ல், ஓரிகன் 2015-ல், வெர்மான்ட் 2018-ல், நெவாடாவும் வர்ஜீனியாவும் 2020-ல் என்று, சுமார் 20 மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் தனிநபர் விற்பனைக்கும் சோதனையையோ அனுமதியையோ கட்டாயமாக்கியிருக்கின்றன. அங்கெல்லாம் வேட்டைக்காரர்கள் வேட்டையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரைஃபிள்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

1968 சட்டம் ஒரு நல்ல கேள்வியைக் கண்டுபிடித்தது. ஆனால் அதை வாங்குபவரின் முகவரியைப் பார்த்துக் கேட்கிறது. ஒரு ரைஃபிள் ஆபத்தா இல்லையா என்பது அதை வைத்திருப்பவரைப் பொறுத்தது. அவர் எந்த மாநிலத்தில் வாடகை கட்டுகிறார் என்பதைப் பொறுத்ததல்ல. மாநிலம் தாண்டி வாங்குபவர்கள் இவ்வளவு காலமாக இந்த நடைமுறையோடு வாழ்ந்துவருகிறார்கள். அதே பத்து நிமிடப் படிவத்தை மாநிலத்துக்குள் வாங்குபவர்களும் நிரப்பலாம். அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எல்லையில் ஏற்கெனவே நிற்கும் விதியை உள்ளே நகர்த்தினால் போதும்.